பட்டினி கிடந்த குதிரைகளுக்காகக் கோபித்த அரசன்

ஜார்ஜ் ரெய்ஸ்னர் அரைகுறை ஆள் அல்லர். புதையல் வேட்டையாகக் கிடந்த அகழாய்வை ஒழுங்கான ஆய்வுத்துறையாக மாற்றியவர்களில் அந்த அமெரிக்கருக்கு முக்கிய இடம் உண்டு. எதை எந்த மண் அடுக்கில் எடுத்தோம் என்று எழுதி, படம் பிடித்து, எண் போட்டு வைத்தவர். அவர் 1913 முதல் 1916 வரை வடக்கு சூடானில் உள்ள கெர்மாவில் தோண்டினார். நைல் நதிக்கு அருகே சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கும் பச்சைச் செங்கல் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளூர் மக்கள் அதைத் தெஃபூஃபா என்பார்கள். அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் பரந்த இடுகாடு. அங்குள்ள மண்மேடுகளில் பெரியவை 90 மீட்டர் அகலம் கொண்டவை. நடுவில் கட்டிலில் கிடத்தப்பட்ட அரசர். அவரோடு பலியாகப் புதைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். அந்த மேடுகளில் ஒன்றில்தான் எகிப்தின் அஸ்யூத் நகரத்து ஆளுநர் ஹெப்ஸெஃபாவின் சிலைத் துண்டும், அவருடைய மனைவி சென்னுவியின் அழகான முழுச்சிலையும் கிடைத்தன.

ரெய்ஸ்னர் முடிவுக்கு வந்துவிட்டார். கெர்மா என்பது எகிப்தியர் நடத்திய வணிகச் சாவடி. அந்த மேட்டில் படுத்திருப்பவர் எகிப்திய ஆளுநர் ஹெப்ஸெஃபா. உள்ளூர் வழக்கம் தொற்றிக்கொண்டதால் அவரை இப்படிப் புதைத்திருக்கிறார்கள். ஹெப்ஸெஃபாவுக்கு அஸ்யூத்தில் மலையைக் குடைந்து எடுத்த பிரம்மாண்டமான கல்லறை இருக்கிறது. அது ரெய்ஸ்னருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னார். கறுப்பின மக்கள் சொந்தமாக இப்படியொரு அரசைக் கட்டியிருக்க முடியாது என்பது அவருக்கு ஆராய வேண்டிய கேள்வியாகவே தோன்றவில்லை. பிற்காலத்தில் இதே நாட்டிலிருந்து கிளம்பி எகிப்தை ஆண்ட அரச குடும்பத்தைக்கூட லிபியாவிலிருந்து வந்தவர்கள் என்றுதான் அவர் எழுதினார்.

உண்மை வேறு. அந்த மண்மேடுகள் ஹெப்ஸெஃபா இறந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுப்பப்பட்டவை. உள்ளே இருந்தவர் குஷ் நாட்டு அரசர்; எகிப்துக்குத் தெற்கே, இன்றைய வடக்கு சூடானில் இருந்த பழைய நாடு அது. சிலைகள் எகிப்திலிருந்து வந்த கொள்ளைப் பொருள்கள். 1970-களிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஷார்ல் பொன்னே அதே கெர்மாவில் பல பத்தாண்டுகள் பொறுமையாகத் தோண்டி, ஒரு முழு நகரத்தையே வெளியே கொண்டுவந்தார். மதில், அகழி, கோயில், ரொட்டி சுடும் அடுப்புகள், வெண்கலம் வார்க்கும் பட்டறை, அரசர் சபை கூட்டுவதற்கான வட்ட வடிவப் பெருங்கூடம். அந்த வட்டக் கூடம் எகிப்தியக் கட்டடக்கலையில் இல்லாதது. இடுகாட்டில் ஒரே ஒரு சமாதியைச் சுற்றி மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகள் பிறை வடிவில் அடுக்கப்பட்டிருந்தன. மாடுதான் செல்வம் என்று வாழ்ந்த மக்களின் தலைநகரம் அது. கி.மு. 2500 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டு செழித்திருந்தது.

2003-இல் இன்னொரு சான்று வந்தது, அதுவும் எகிப்திலிருந்தே. எல்-காப் என்ற ஊரில் சோபெக்நக்த் என்ற ஆளுநரின் கல்லறையைச் சுத்தம் செய்தபோது, சுவரில் கரிபடிந்து மறைந்திருந்த எழுத்துகள் தெரிந்தன. குஷ் படை தன் கூட்டாளிகளைத் திரட்டிக்கொண்டு வடக்கே பாய்ந்த கதை அது. எகிப்து அன்று மயிரிழையில் தப்பியது என்பதை அந்த ஆளுநரே ஒப்புக்கொள்கிறார். அரசாங்கக் கல்வெட்டுகள் எதிலும் இந்தப் படையெடுப்பு இல்லை. தோல்விக்கு யார் கல் நடுவார்கள்?

குஷ் நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அதைப் பற்றி நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி அதன் எதிரிகளோ, வந்துபோன அந்நியர்களோ எழுதியது. எகிப்தியக் கல்வெட்டுகளில் குஷ் என்ற பெயர் தனியாக வருவதே அபூர்வம்; ‘கேடுகெட்ட குஷ்’ என்ற அடைமொழியோடுதான் வரும். அசீரியர்கள் எழுதினார்கள், கிரேக்கர்கள் எழுதினார்கள், ரோமானியர்கள் எழுதினார்கள், கடைசியாக ஐரோப்பியப் பேராசிரியர்கள் எழுதினார்கள். ஆனால் இந்த அரசர்கள் ஊமைகள் அல்லர். தங்கள் வாயாலேயே பேசியிருக்கிறார்கள், அதுவும் விலாவாரியாக. அவர்களுடைய கற்களைப் படித்தால் எகிப்தின் வாலாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டை அங்கே பார்க்க முடியாது. தனக்கென்று பிடிவாதமும் குணமும் உள்ள ஒரு நாட்டைத்தான் பார்க்க முடியும்.

முதலில் எகிப்து குஷ்ஷை விழுங்கியது. கி.மு. 1550 வாக்கில், வட எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் அரசன் அபெபி, ‘நீ தெற்கிலிருந்து வா, எகிப்தின் ஊர்களை நாம் பங்கிட்டுக்கொள்வோம்’ என்று குஷ் அரசனுக்கு ஓலை அனுப்பினான். பாலைவனச் சோலை வழியில் தூதுவன் பிடிபட்டான். தீப்ஸ் நகரத்து மன்னன் காமோசே அந்தக் கடிதத்தையே கல்லில் வெட்டிக் காட்சிக்கு வைத்தான். இரண்டு பக்கமும் நெருக்கப்பட்ட பயம் எகிப்துக்கு மறக்கவில்லை. அடுத்த அரைநூற்றாண்டில் முதலாம் துத்மோஸ் தெற்கே படை நடத்தி, நூபியா என்ற அந்தத் தென்பகுதியின் தலைவன் ஒருவனின் உடலைத் தன் கப்பலின் முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினான். கெர்மா வீழ்ந்தது. ‘குஷ்ஷின் அரச குமாரன்’ என்ற பட்டத்தோடு எகிப்திய ஆளுநர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆட்சி செய்தார்கள். தங்கம்தான் காரணம். நூபியப் பாலைவனத்துத் தங்கம் இல்லாமல் எகிப்தியப் பேரரசின் ஜொலிப்பு இல்லை.

அந்த ஆட்சிக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்த இடம் ஜெபல் பர்கல். நைலின் நான்காம் அருவிக்குச் சற்றுக் கீழே, தட்டையான தலையோடு தனித்து நிற்கும் சுமார் நூறு மீட்டர் உயரக் குன்று அது. அதன் ஒரு முனையில் பிரிந்து நிற்கும் பாறைத்தூண், படமெடுத்த நாகம் போலத் தோன்றும். எகிப்திய மன்னர்களின் மகுடத்தில் இருப்பது அதே நாகம். ஆகவே இது அமுன் கடவுளின் ஆதி வீடு, அதனால் இந்த மண்ணும் எங்களுக்கே என்றார்கள் எகிப்தியர்கள். குன்றின் அடிவாரத்தில் கோயில் கட்டினார்கள். நபாட்டா நகரம் அதையொட்டி வளர்ந்தது.

கி.மு. 1070 வாக்கில் எகிப்து தளர்ந்து பின்வாங்கியது. கோயிலும் கடவுளும் அங்கேயே தங்கிவிட்டன. பிறகு வந்த உள்ளூர் அரசர்கள் அந்த வாதத்தை வார்த்தை மாறாமல் எடுத்துத் திருப்பிப் போட்டார்கள். அமுனின் ஆதி வீடு எங்கள் மலையில் இருக்கிறது; எகிப்தின் முடியும் அந்த மலையிலிருந்தே வருகிறது; அப்படியானால் எகிப்துக்கு உரியவன் யார்? ஆள வந்தவன் விட்டுப்போன வாதத்தையே எடுத்து அவன் நாட்டை ஆண்ட கதை உலக வரலாற்றில் வேறு எங்காவது இவ்வளவு சுத்தமாக நடந்திருக்கிறதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அலாரா, கஷ்டா என்ற இரண்டு அரசர்களுக்குப் பிறகு பியே வருகிறான். பழைய புத்தகங்களில் பியாங்கி என்று இருக்கும். அவன் ஆட்சியின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் ஒன்றில் அமுன் தனக்குக் கொடுத்த அதிகாரத்தை இப்படிச் சொல்கிறான்: யாரைப் பார்த்து ‘நீ அரசன்’ என்று நான் சொல்கிறேனோ அவன் அரசன், யாரைப் பார்த்து ‘நீ அரசன் அல்லன்’ என்கிறேனோ அவன் அரசன் அல்லன். கடவுள்கள் அரசனை உருவாக்கலாம், மக்களும் உருவாக்கலாம், ஆனால் என்னை உருவாக்கியவர் அமுன். வழக்கமான மெய்க்கீர்த்தி மிகைதான். ஆனால் அன்றைய எகிப்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் தங்களை மன்னர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால் அது மிரட்டல்.

கி.மு. 728 வாக்கில் சாயிஸ் நகரத்துத் தெஃப்னக்த் என்ற தலைவன் வடக்கில் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு தெற்கே வரத் தொடங்கினான். பியேயின் பாதுகாப்பில் இருந்த நிம்லோத் என்ற சிற்றரசனும் அவன் பக்கம் சாய்ந்தான். பியே படை அனுப்பினான், பிறகு தானே கிளம்பினான். இந்தப் போரைப் பற்றி அவன் நபாட்டாவில் நிறுத்திய கல் 1862-இல் ஜெபல் பர்கலில் கிடைத்தது. ஆள் உயரக் கருங்கல்லில் 159 வரிகள். இப்போது கெய்ரோவில் இருக்கிறது. பண்டைய உலகத்தின் போர்க் கல்வெட்டுகள் பொதுவாகச் சலிப்பூட்டுபவை. கொன்றேன், கொளுத்தினேன், கைகளை வெட்டிக் குவித்தேன், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. இதில் ஒரு மனிதன் இருக்கிறான். முன்கோபக்காரன், ஆசாரம் பார்ப்பவன், தன் கௌரவத்தில் கண்ணாக இருப்பவன்.

படையை அனுப்பும்போதே அவன் போடும் கட்டளைகளைப் பாருங்கள். இரவில் திருட்டுத்தனமாகத் தாக்காதீர்கள். பார்க்கும்படி நின்று போரிடுங்கள். போர் வருகிறது என்று எதிரிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு ஊரிலிருந்து துணைப்படை வர வேண்டும் என்று அவன் சொன்னால், வரும்வரை காத்திருங்கள். தீப்ஸ் நகரை அடைந்ததும் ஆற்றில் குளித்து, சுத்தமான துணி உடுத்தி, வில்லைத் தளர்த்தி வைத்துவிட்டு அமுனை வணங்குங்கள். அவன் இல்லாமல் வீரனுக்குப் பலம் இல்லை. இதையெல்லாம் படை அப்படியே செய்ததா என்பது வேறு விஷயம். தன்னை எப்படிப்பட்டவனாக ஊர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான் என்பது இதில் தெரிகிறது. படை வென்றது, ஆனால் எதிரிகளில் ஒரு பகுதியைத் தப்பவிட்டது. செய்தி கேட்டுச் சிறுத்தைப் புலிபோலச் சீறினான் என்கிறது கல். அப்போதும் உடனே ஓடவில்லை. புத்தாண்டுச் சடங்கை நபாட்டாவில் முடித்துவிட்டு, தீப்ஸில் அமுனின் ஓபெட் திருவிழாவையும் கொண்டாடிவிட்டு, அதன் பிறகுதான் போர்க்களத்துக்கு வந்தான். அவசரம் என்பது எதிரிக்குத்தான்.

நிம்லோத்தின் நகரம் ஹெர்மோபொலிஸ். சுற்றி மண்ணணை எழுப்பி, மரக்கோபுரம் கட்டி, அதிலிருந்து பியேயின் வில்லாளிகள் அம்பு மழை பொழிந்தார்கள். நாள் செல்லச் செல்ல நகரம் நாறியது. நிம்லோத் தன் மகுடத்தையே அனுப்பிப் பார்த்தான், பலிக்கவில்லை. கடைசியில் அவன் மனைவி நெஸ்தெந்த் வந்து பியேயின் மனைவியர், சகோதரிகள் காலில் விழுந்து, உங்கள் அரசரிடம் எங்களுக்காகப் பேசுங்கள் என்று கெஞ்சினாள். நகரம் திறந்தது. பியே அரண்மனையைச் சுற்றிப் பார்க்கிறான். கருவூலம், களஞ்சியம். நிம்லோத்தின் அந்தப்புரப் பெண்களை அழைத்து வந்து நிறுத்துகிறார்கள். அவன் அவர்கள் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறான்.

அடுத்து லாயத்துக்குப் போகிறான். முற்றுகைக் காலத்தில் தீனி இல்லாமல் எலும்பும் தோலுமாக நின்ற குதிரைகளைப் பார்க்கிறான். அங்கேதான் வெடிக்கிறான். சூரியக் கடவுள் மீது ஆணையாகச் சொல்கிறேன், நீ உன் மூர்க்கத்தில் செய்த மற்ற எல்லாக் குற்றங்களையும்விட என் குதிரைகளைப் பட்டினி போட்டதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது என்கிறான். துரோகம், போர், நாற்றமெடுத்த நகரம் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. ‘என் குதிரைகள்’ என்று சொல்வதையும் கவனிக்க வேண்டும். நகரம் திறந்த கணத்திலேயே அவை அவனுடையவை.

இதை வெறும் செல்லப்பிராணிப் பாசம் என்று சொல்லிவிட முடியாது. குஷ் நாட்டுக் குதிரைகளுக்கு அன்றைய உலகில் தனி மதிப்பு இருந்தது. அசீரியாவின் அரண்மனைக் கணக்குகளில் தேருக்கு ஏற்ற உயர்ந்த ரகமாகக் குஷ் குதிரைகள் குறிக்கப்படுகின்றன. பியேயைப் புதைத்த எல்-குர்ரு இடுகாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குத் தனிக்குழிகள் வெட்டி, மணிகளும் வெள்ளி அணிகளும் பூட்டி, நின்ற நிலையிலேயே புதைத்திருந்தார்கள். அவற்றைத் தோண்டி எடுத்தவரும் நம் ரெய்ஸ்னர்தான்.

மெம்ஃபிஸில் தெஃப்னக்த் இரவோடிரவாகத் தேரைக்கூடக் கேட்காமல் குதிரையில் ஏறி ஓடினான். மதில் உயரம், ஆற்றில் வெள்ளம், நகரம் விழாது என்று எல்லாரும் நினைத்தார்கள். தளபதிகள் முற்றுகை, மேடு, கோபுரம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பியே வேறு ஒன்றைக் கண்டான். வெள்ளம் மதிலைத் தொட்டுக்கொண்டிருந்ததால் படகுகளின் கயிறுகள் வீட்டுச் சுவர்களிலேயே கட்டப்பட்டிருந்தன. துறைமுகத்தின் அத்தனை படகுகளையும் கைப்பற்றி மதிலோரம் வரிசையாக நிறுத்தச் சொன்னான். வீரர்கள் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். நகரம் ஒரே நாளில் விழுந்தது.

கடைசிக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. எகிப்தின் நான்கு அரசர்கள் பணிய வருகிறார்கள். மூன்று பேர் அரண்மனைக்குள் அனுமதிக்கப்படவில்லை. விருத்தசேதனம் செய்யாதவர்கள், மீன் தின்பவர்கள், தீட்டு. நிம்லோத் மட்டும் மீன் சாப்பிடாதவன் என்பதால் உள்ளே போனான். ‘கேடுகெட்ட குஷ்’ என்று எழுதிப் பழகிய நாட்டின் மன்னர்களை, எகிப்திய ஆசாரத்தைச் சொல்லியே வாசலில் நிறுத்திவைத்திருக்கிறான் பியே. பிறகு கப்பல்களில் வெள்ளியும் பொன்னும் துணியும் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். எகிப்தில் தங்கவில்லை. இறந்தபோது எல்-குர்ருவில் அவனுக்கு ஒரு பிரமிடு எழுந்தது. எகிப்திய மன்னர்கள் பிரமிடில் புதைக்கப்படுவதை விட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. குஷ் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு விடவே இல்லை. சூடானில் உள்ள பிரமிடுகள் எகிப்தில் உள்ளவற்றைவிட எண்ணிக்கையில் அதிகம். உயரம் குறைவு, சரிவு செங்குத்து.

பியேக்குப் பின் வந்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் தஹர்க்கா, கி.மு. 690 முதல் 664 வரை ஆண்டவன். பைபிளின் பழைய ஏற்பாட்டில் அசீரியாவுக்கு எதிராகக் கிளம்பி வந்த குஷ் அரசனாக வருபவன் இவன்தான். காவா என்ற ஊரில் கிடைத்த அவனுடைய கற்களில் போரைவிட மழையும் வெள்ளமும் தாயும் அதிகம் வருகிறார்கள். ஆட்சியின் ஆறாம் ஆண்டில் நைல் பெருவெள்ளமாக வந்து நாடு செழித்தது. அதே ஆண்டு, இருபது வயதில் பிரிந்த மகனைப் பார்க்கத் தாய் அபார் தெற்கிலிருந்து நெடுந்தூரம் வந்து, அவனை மகுடத்தோடு கண்டாள். தஹ்ஷூர் அருகே கிடைத்த இன்னொரு கல் ஓட்டப்பந்தயத்தைப் பற்றியது. மெம்ஃபிஸிலிருந்து ஃபையூம் வரை, சுமார் 50 கிலோமீட்டர், படைவீரர்கள் இரவில் பாலைவனத்தில் ஓடினார்கள். அரசன் தேரில் கூடவே வந்தான். நடுவில் இறங்கி அவர்களோடு தானும் ஓடினான். முதலில் வந்தவர்களுக்குப் பரிசும் அரசனின் காவலர்களோடு விருந்தும் கிடைத்தன.

அசீரியர்களின் எழுத்தில் இதே தஹர்க்கா வேறு ஆள். அசீரிய அரசன் எசர்ஹாடோன் கி.மு. 671-இல் மெம்ஃபிஸைப் பிடித்ததும், தஹர்க்காவை ஐந்து முறை அம்பால் காயப்படுத்தினேன் என்று பெருமையடித்துக்கொண்டு, பட்டத்து இளவரசனையும் மனைவியரையும் தூக்கிப்போனான். இன்று பெர்லினில் உள்ள அவனுடைய கல்லில், உதட்டில் கயிறு மாட்டப்பட்ட ஒரு சிறு உருவம் மண்டியிட்டிருக்கிறது. அது தஹர்க்காவின் மகனாக இருக்கலாம் என்கிறார்கள். தஹர்க்கா தோற்றான், மீண்டும் வந்து மெம்ஃபிஸைப் பிடித்தான், மீண்டும் துரத்தப்பட்டான், தெற்கே இறந்தான். நூரியில் உள்ள அவன் பிரமிடு குஷ் பிரமிடுகளிலேயே பெரியது. அதன் அடியில் அவனுக்கு மறுமையில் ஊழியம் செய்ய 1,070 கற்பொம்மைகள் நின்றன. அடுத்து வந்த தன்வெத்தமானியின் முயற்சியும் தோற்று, கி.மு. 663-இல் அசீரியர் தீப்ஸைச் சூறையாடினார்கள். எகிப்தில் குஷ் ஆட்சி முடிந்தது.

பல புத்தகங்களில் குஷ்ஷும் இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எகிப்தின் இருபத்தைந்தாம் வம்சம், முற்றும், அடுத்த அத்தியாயம் இருபத்தாறு. ஆனால் அந்த நாடு இதற்குப் பிறகு இன்னும் ஆயிரம் ஆண்டு இருந்தது! எகிப்தைப் பாரசீகர், கிரேக்கர், ரோமானியர் என்று ஒவ்வொருவராக வந்து விழுங்கிய காலம் முழுவதும் தெற்கே குஷ் அரசர்கள் முடிசூடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆயிரம் ஆண்டும் நிம்மதியாகக் கழிந்தது என்று சொல்ல வரவில்லை. கி.மு. 593-இல் இரண்டாம் ப்சம்திக் என்ற எகிப்திய மன்னன் கிரேக்கக் கூலிப்படையோடு வந்து சூறையாடினான். 2003-இல் பொன்னேயின் குழு கெர்மா அருகே ஒரு குழியைத் திறந்தபோது ஏழு கருங்கல் சிலைகளின் துண்டுகள் அதில் கிடந்தன. தஹர்க்கா முதல் அஸ்பெல்டா வரை ஐந்து அரசர்கள். கழுத்திலும் காலிலும் உடைக்கப்பட்டிருந்தார்கள். ஜெபல் பர்கலிலும் இதேபோல் குவியல் முன்பே கிடைத்திருந்தது. உடைத்தது ப்சம்திக்கின் படை என்று கருதப்படுகிறது. உடைந்தவற்றைப் பொறுக்கி மரியாதையாகப் புதைத்தவர்கள் ஊர்க்காரர்கள்.

அந்த அஸ்பெல்டாவின் கல் ஒன்று, அரசனைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கிறது. படைத்தலைவர்கள் ஜெபல் பர்கலில் கூடுகிறார்கள், ‘மேய்ப்பன் இல்லாத மந்தைபோல் இருக்கிறோம்’ என்கிறார்கள். அரச சகோதரர்களை ஒவ்வொருவராக அமுன் முன் நிறுத்துகிறார்கள். கடவுள் அஸ்பெல்டாவைக் காட்டுகிறார். தகுதிக்குச் சான்றாக அவன் அடுக்குவது தாய்வழியை: தாய், தாயின் தாய் என்று ஏழு தலைமுறைப் பெண்கள். பிற்காலத்தில் யாரோ அந்தப் பெயர்களைத் தேடித்தேடிச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்களின் பெயர்களில் அதிகாரம் இருந்தது. அதை அழித்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

கி.மு. 270 வாக்கிலிருந்து அரசர்களின் இடுகாடு மெரோவேக்கு மாறியது. இன்னும் தெற்கே, கோடை மழை எட்டும் புல்வெளி நாடு அது. இரும்பு உருக்கிய கசடு குன்று குன்றாக இன்றும் அங்கே கிடக்கிறது. எகிப்தியத் தெய்வங்களுக்குப் பக்கத்தில் சிங்கத்தலை அபெடெமக் என்ற உள்ளூர்ப் போர்க்கடவுள் வந்து அமர்ந்தார். நகா என்ற இடத்தில் அவர் கோயில் சுவரில் மூன்று சிங்க முகங்களும் நான்கு கைகளுமாக ஓர் உருவம் இருக்கிறது. இதைப் பார்த்து, இந்தியாவிலிருந்து போன கருத்து என்று சென்ற நூற்றாண்டில் சிலர் எழுதினார்கள். நம் ஆட்களுக்கு இது அல்வா. ஆனால் முகப்பிலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே உருவத்தைக் காட்டச் சிற்பி செய்த ஏற்பாடு என்று சொன்னாலே போதும், கடல் கடக்க வேண்டியதில்லை. கெர்மாவை எகிப்தியருக்குத் தாரை வார்த்த ரெய்ஸ்னரின் தவறை நாம் இன்னொரு திசையிலிருந்து செய்ய வேண்டாம்.

அதே கோயிலின் முகப்பில் அரசன் நடகமானி ஒரு பக்கம் நின்று எதிரிகளை வெட்டுகிறான். மறுபக்கம் அரசி அமனிடோரே அவனுக்குச் சமமான உயரத்தில் நின்று தானும் வெட்டுகிறாள். பருத்த இடுப்பு, அகன்ற தோள், நீண்ட நகங்கள், கையில் வாள். எகிப்திய ஓவியத்தின் மெல்லிடை அரசியர் இங்கே இல்லை. கண்டாக்கே என்பது இப்படிப்பட்ட அரச பெண்களின் பட்டம். கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் அதை ஒரே பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கண்டாக்கேக்களில் ஒருத்தி அமனிரெனாஸ். எகிப்து ரோமின் கைக்குப் போய் ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ரோமானியப் படையின் ஒரு பகுதி அரேபியாவுக்குப் போன நேரம் பார்த்து, கி.மு. 25 வாக்கில் குஷ் படை அஸ்வான், எலிஃபண்டைன், ஃபிலே ஆகிய ஊர்களைத் தாக்கியது. மக்களை அடிமைகளாகப் பிடித்தது, சீசர் அகஸ்டஸின் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. ரோமின் ஆளுநர் பெட்ரோனியஸ் திருப்பித் தாக்கி, நபாட்டா வரை போய் அதை அழித்தான். வடக்கே ஒரு கோட்டையில் 400 வீரர்களை இரண்டு ஆண்டுகளுக்கான உணவோடு விட்டுவிட்டுத் திரும்பினான். அரசி மறுபடியும் படையோடு வந்தாள். இதையெல்லாம் எழுதியவர் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, எகிப்தில் இருந்த இன்னொரு ரோமானிய ஆளுநரான ஏலியஸ் காலஸின் நண்பர். அரசியை ஆண் போன்றவள், ஒற்றைக்கண் குருடு என்று விவரிக்கிறார். கடைசியில் பேச்சுவார்த்தை. சீசரிடம் போய்ப் பேசுங்கள் என்றான் பெட்ரோனியஸ். சீசர் யார், எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாதே என்றார்கள் தூதர்கள். அறியாமை என்று ஸ்ட்ராபோ நினைத்திருக்கலாம். சீசரின் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் இப்படிக் கேட்டதை நான் வேறு மாதிரித்தான் படிக்கிறேன். சாமோஸ் தீவில் அகஸ்டஸைச் சந்தித்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது, விதித்த கப்பமும் தள்ளுபடியானது.

ரோமைத் தோற்கடித்த ஆப்பிரிக்க ராணி என்று இணையத்தில் யானை மேல் அவளை ஏற்றி உலவும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவள் ரோமைத் தோற்கடிக்கவில்லை. நபாட்டா எரிந்தது உண்மை. ஆனால் ரோம் அதற்கு மேல் தெற்கே வரவில்லை என்பதும் உண்மை. அன்றைய மத்தியதரைக் கடல் உலகில் அகஸ்டஸோடு மோதிவிட்டு, கப்பம் இல்லாமல் எழுந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதற்கு யானை தேவையில்லை.

1910 டிசம்பரில் ஜான் கார்ஸ்டாங் மெரோவேயில் ஒரு கோயில் வாசற்படியின் அடியில் தோண்டியபோது, வெண்கலத்தில் வார்த்த அகஸ்டஸின் தலை வெளியே வந்தது. கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் அப்படியே இருந்தன. உள்ளே போகும் ஒவ்வொருவரும் அகஸ்டஸை மிதித்துக்கொண்டு போகும்படி புதைத்திருக்கிறார்கள். மணலுக்குள் பத்திரமாக இருந்ததால்தான் அகஸ்டஸின் வெண்கலத் தலைகளில் இவ்வளவு நல்ல நிலையில் அது கிடைத்தது. இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குஷ்ஷின் பொருள்கள் பொதுவாக அப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன. 1834-இல் ஜியூசெப்பே ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் அரசி அமனிஷகேட்டோவின் பிரமிடை உச்சியிலிருந்து இடித்து இறங்கி, பொன் நகைகளை அள்ளிக்கொண்டு போனார். ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் இவ்வளவு நுட்பமான வேலையா என்று ஐரோப்பாவில் சந்தேகப்பட்டார்கள். இன்று அந்த நகைகள் மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன. தஹர்க்காவின் பொம்மைகளில் பல பாஸ்டனில். கார்ட்டூமில் மிஞ்சியிருந்த தேசிய அருங்காட்சியகம் 2023 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. 2025-இல் ராணுவம் நகரத்தை மீட்டபோது, தூக்க முடியாத கனமான கற்சிலைகள்தான் பெரும்பாலும் மிஞ்சியிருந்தன. 2019-இல் சர்வாதிகாரத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கிய சூடானிய இளைஞர்கள் ‘என் பாட்டன் தஹர்க்கா, என் பாட்டி கண்டாக்கா’ என்று முழக்கமிட்ட அதே நகரம் அது.

மெரோவே அரசு கி.பி. 350 வாக்கில் அடங்கியது. இன்றைய எத்தியோப்பியப் பகுதியில் இருந்த அக்சும் நாட்டு அரசன் எசானா தன் கல்வெட்டில் அந்தப் பக்கம் படை நடத்தியதாக எழுதுகிறான். அதற்கு முன்பே நாடு நலிந்திருந்தது.

அமனிரெனாஸ் தரப்பு என்ன சொன்னது என்பதற்கு வருகிறேன். மெரோவேக்கு அருகில் ஹமதாப் என்ற இடத்தில் 1914-இல் ஒரு பெரிய கல் கிடைத்தது. மேலே கைகள் கட்டப்பட்ட கைதிகளின் வரிசை, கீழே நீண்ட வாசகம். அமனிரெனாஸ், இளவரசன் அகினிதாத் இருவர் பெயரும் அதில் உள்ளன. ரோமோடு நடந்த போரைப் பற்றியதாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் இந்தக் கல் பியேயின் கல்லைப்போல எகிப்திய மொழியில் இல்லை. மெரோவே அரசர்கள் தங்கள் சொந்த மொழிக்கு 23 குறிகள் கொண்ட தனி எழுத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1911 வாக்கில் ஃபிரான்சிஸ் கிரிஃபித் அந்தக் குறிகளின் ஒலியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே கல்லை உரக்க வாசிக்கலாம். பொருள்தான் தெரியாது. பெயர்கள், பட்டங்கள், சில கடவுள்கள், தண்ணீர், ரொட்டி போன்ற கொஞ்சம் சொற்கள், இவ்வளவுதான் உறுதி. பிரெஞ்சு அறிஞர் கிளோத் ரிலி, இது இன்றைய நூபிய மொழிகளுக்கு உறவான மொழி என்று காட்டி, ஒப்பீட்டின் வழியே சொல் சொல்லாக நகர்ந்துகொண்டிருக்கிறார். நீளமான இருமொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தால் வேலை ஒரே பாய்ச்சலில் முடியும். அது கிடைக்க வேண்டிய மண்ணில் இப்போது போர் நடக்கிறது. அதுவரை அந்தப் போரைப் பற்றி நாம் படிக்க முடிவது ஸ்ட்ராபோவின் தரப்பை மட்டும்தான்.